“காசு கட்டி விளையாடவா அனுப்புறோம்?” – சபை நடத்தும் பாலர் பள்ளி பற்றி ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி இதுதான். மூன்றரை வயது மகள் சபை நடத்தும் பாலர் பள்ளிக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. காலையில் ஒரு பாட்டு, சின்ன ஜெபம், ஒரு வேதாகமக் கதை. மிச்ச நேரமெல்லாம் மணல், தண்ணீர், கட்டை, பொம்மை. நோட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. “காசு கட்டி விளையாடவா அனுப்புறோம்?” என்று கணவர் கேட்கிறார். போதாக்குறைக்கு, மகள் மற்ற பிள்ளைகளோடு சேராமல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாளாம். பள்ளியை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய் வகுப்பின் மூலையில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். பிள்ளைகளைப் பார்க்காதீர்கள், டீச்சரைப் பாருங்கள். ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்று பலகை மாட்டிய பள்ளிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், பிள்ளைகள் விளையாடும்போது பெரியவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொன்றில் அவருக்கு அது ஓய்வு நேரம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் இந்த வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவள் நான். ஆரம்பத்தில் நானும் இரண்டாவது ரகம்தான். சண்டை வந்தால் விலக்கி விடுவேன், மூக்குத் துடைத்து விடுவேன், அவ்வளவுதான்.

வேலை என்று எதைச் சொல்கிறேன்? கட்டை மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். பல பாலர் பள்ளிகளில் இருக்கும் அந்தச் சாயம் பூசாத மரக்கட்டைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வடிவமைத்தவர் கரோலின் பிராட் என்கிற ஆசிரியை. கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற கணக்கில் இருக்கும். அதனால் இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை, துல்லியமாக. ஒரு நாள் ஒரு பையன் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். மேலே வைக்க நீளக் கட்டை தீர்ந்துபோயிற்று. இருக்கிற சின்னக் கட்டைகளை இரண்டு தூணுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தான், விழுந்தது. திரும்ப வைத்தான், விழுந்தது. எனக்குக் கை பரபரத்தது. பேசாமல் இருந்தேன். மூன்றாவது தடவை தூணையே உள்ளே நகர்த்தினான். நின்றது. “எப்படிடா நின்னுச்சு?” என்று கேட்டேன். “கிட்ட கூப்பிட்டுக்கிட்டேன்” என்றான்.

அந்த ஐந்து நிமிடத்தில் அளவு, சமநிலை, தோற்றால் வேறு வழி தேடுவது, செய்ததை வார்த்தையில் சொல்வது எல்லாம் நடந்துவிட்டது. நான் செய்தது இரண்டே காரியம். சரியான கட்டைகளை அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தேன், சரியான நேரத்தில் ஒரு கேள்வி கேட்டேன். நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்தால் மூன்று. இதில் அதுதான் கஷ்டம்.

எழுத்துக்கு வருகிறேன், உங்கள் கணவரின் கவலை அதுதானே. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கும், எல்லாம் மாறி முடியப் பள்ளிப்பருவம் நெடுகப் போகும். மூன்றரை வயதில் பாதி வேலைகூட முடிந்திருக்காது. விரல்களின் சின்னத் தசைகளும் அப்படித்தான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் வரிசை வரிசையாக எழுதவைத்தால் பிள்ளை எழுதாது என்றில்லை, எழுதும். பென்சிலை முஷ்டியால் பிடித்து, தோளில் இருந்து பலம் கொடுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதும். அந்தப் பிடி படிந்துபோனால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. களிமண் பிசைவது, ஈர ஸ்பாஞ்சைப் பிழிவது, காகிதம் கிழிப்பது, மணி கோர்ப்பது, துணிக்கு மாட்டுகிற கிளிப்பைத் திறந்து மூடுவது எல்லாம் பென்சில் பிடிப்பதற்கான பயிற்சிதான். நோட்டில் காட்ட முடியாத பயிற்சி என்பதால் வீட்டில் மதிப்பில்லை.

வாசிப்பும் கண்ணில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. ஒரே ஓசையில் முடிகிற சொற்களைக் கண்டுபிடித்துச் சிரிப்பது, பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கைதட்டுவது, பாட்டில் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிப் பாடி “தப்பு, தப்பு!” என்று கத்தவைப்பது. ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து பிற்பாடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆக, காலையில் அந்தப் பாட்டு நேரத்தில் டீச்சர் ஓசையோடு விளையாடுகிறாரா, அல்லது செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு நிற்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

அப்புறம், நடிப்பு விளையாட்டு. டாக்டர், நோயாளி, அம்மா, பாப்பா, பஸ் டிரைவர். இதைத்தான் பெரியவர்கள் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி இதைத் தலைகீழாகப் பார்த்தார். வேடம் போட்ட பிள்ளைதான் அதிகக் கட்டுப்பாட்டோடு இருக்கிறது என்றார். டாக்டராக நடிக்கிறவள் ஊசியை எறிய முடியாது, நோயாளி எழுந்து ஓட முடியாது. அப்படி ஓடினால் ஆட்டம் கலைந்துவிடும். அவர் வழியில் வந்த மனுய்லென்கோ என்கிற ஆய்வாளர் 1940களில் இதைச் சோதித்தும் பார்த்தார். ‘அசையாமல் நில்’ என்று வெறுமனே சொன்னபோது நின்றதைவிட, காவல்காரனாக நடிக்கச் சொன்னபோது பிள்ளைகள் வெகுநேரம் அசையாமல் நின்றார்கள். ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கிற பொறுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நிறையப் பங்கு இங்கிருந்துதான் என்பேன். மூன்று வயதில் பெஞ்சில் உட்காரவைத்துப் பழக்கினால் வராது.

உங்கள் மகள் ஓரமாக நின்று பார்க்கிறாள் என்றீர்களே, அது எனக்குக் கவலையாகவே படவில்லை. 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற அமெரிக்க ஆய்வாளர், சின்னப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படி விளையாடுகிறார்கள் என்று வகைப்படுத்தி எழுதினார். தனியாக விளையாடுவது, பிறர் விளையாட்டை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு அதேபோல விளையாடுவது, சாமான் கொடுத்து வாங்கி விளையாடுவது, கடைசியில் ஒரே திட்டத்தோடு சேர்ந்து விளையாடுவது. வேடிக்கை பார்ப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. மூன்றரை வயதில், அதுவும் ஐந்தே மாதத்தில், சில பிள்ளைகள் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். வீட்டில் பொம்மையை வைத்து வகுப்பில் நடந்ததை அப்படியே நடத்திக் காட்டுகிறாளா என்று கவனியுங்கள். காட்டினால் அவள் ஆட்டத்தில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, வீட்டிலும் பேச்சு மிகக் குறைவு, நடிப்பு விளையாட்டே இல்லை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இனி, கிறிஸ்தவப் பள்ளி என்ற பகுதி. ‘சபை நடத்துகிற பள்ளி, ஒழுங்கும் படிப்பும் கண்டிப்பாக இருக்கும் என்று நம்பிச் சேர்த்தோம், இங்கே பார்த்தால் விளையாட்டு’ என்ற ஏமாற்றம் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் படிப்பு என்று முதலில் அடித்துச் சொன்னவர்களில் பலர் சபைக்குள்ளிருந்து வந்தவர்கள்தான். பதினேழாம் நூற்றாண்டில் கொமேனியஸ், பொஹேமியச் சகோதரர் சபையின் பேராயர். ஆறு வயது வரைக்குமான கல்வி தாயின் மடியில், பார்த்தும் தொட்டும் விளையாடியும் நடக்க வேண்டும் என்று எழுதினார். 1658இல் பிள்ளைகளுக்கென்றே படங்களோடு ஒரு பாடப்புத்தகமும் போட்டார். பிறகு ஃபிரோபெல். 1782இல் ஜெர்மனியில் ஒரு லுத்தரன் போதகரின் மகனாகப் பிறந்து, ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். 1840இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்ற பெயரை வைத்தவர் அவர்தான். நாம் இன்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அந்தக் ‘கே.ஜி.’ அவருடையது. பந்து, உருளை, கனசதுரம் என்று அவர் வரிசைப்படுத்திய விளையாட்டுப் பொருட்களுக்கு ‘பரிசுகள்’ என்று பெயர். படைப்பு முழுவதிலும் ஓடுகிற ஒழுங்கைப் பிள்ளை தன் கையால் உணரும், அதன் வழியே கடவுளை உணரும் என்பது அவர் நம்பிக்கை. அப்படிப்பட்டவரின் கிண்டர்கார்டன்களை 1851இல் பிரஷ்ய அரசு நாத்திகம் பரப்புகிறது என்று சொல்லித் தடை செய்தது! அடுத்த வருடம் அவர் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல்தான். விளையாட்டைப் பார்த்துச் சந்தேகப்படுவது உங்கள் வீட்டில் தொடங்கியது இல்லை என்று கணவரிடம் சொல்லுங்கள்.

வேதாகமத்திலேயே பாருங்களேன். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் இயேசு தம் தலைமுறையைச் சந்தைவெளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒப்பிடுகிறார். குழல் ஊதினோம், நீங்கள் ஆடவில்லை. புலம்பினோம், நீங்கள் அழவில்லை என்று அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள். பிரசங்கங்களில் இதன் பொருளைக் கேட்டிருப்போம். பாலர் பள்ளி டீச்சருக்கு வேறொன்று கண்ணில் படும். அந்தப் பிள்ளைகள் கல்யாண வீடும் சாவு வீடும் விளையாடுகிறார்கள். ஆட்டத்துக்கு வராத கூட்டாளிகள்மேல் கோபம். இதை ஒருவர் உவமையாக்க வேண்டுமானால் எங்கோ நின்று பார்த்திருக்க வேண்டும் அல்லவா? சகரியா 8ஆம் அதிகாரம் திரும்பக் கட்டப்படும் எருசலேமை வர்ணிக்கும்போது, வீதிகளில் விளையாடுகிற சிறுவர் சிறுமியரைத்தான் அடையாளமாகக் காட்டுகிறது.

சரி, விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பதும் விளையாட்டிலா? அதுவும் அப்படித்தான் என்பது என் அனுபவம். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரு தட்டு இருந்தது. பச்சைத் துணி, மர வேலி, ஒரு மேய்ப்பர், பத்து ஆடு. காணாமற்போன ஆட்டின் கதையை ஒரு தடவை மெதுவாகச் சொல்லி, ஆடுகளை நகர்த்திக் காட்டிவிட்டுத் தட்டை அலமாரியில் வைத்துவிடுவேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான்கு வயதுப் பையன் ஒருவன் தினமும் அதையே எடுத்தான். வீட்டில் புதிதாகத் தங்கச்சி பிறந்திருந்தாள். ஒரு ஆட்டை ஒளித்துவைப்பான். துணிக்கடியில், தன் ஷூவுக்குள், ஒரு தடவை என் கைப்பையில். மிச்சத்தை எண்ணுவான்: “ஒம்போது இருக்கு, ஒண்ணக் காணோம்.” பத்தில் ஒன்று போனால் ஒன்பது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேய்ப்பர் தேட ஆரம்பிப்பார். சீக்கிரம் கண்டுபிடித்துவிடக் கூடாது. நான் கை நீட்டினால், “இன்னும் தேடணும்” என்பான்.

மூன்றாவது வாரம் ஆட்டை விட்டுவிட்டு அவனே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். “டீச்சர், ஒண்ணக் காணோம்.” நான் எழுந்து தேடினேன். அலமாரிக்குப் பின்னால் பார்த்தேன், ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன், குப்பைத் தொட்டியில்கூட எட்டிப் பார்த்தேன். மேசைக்கடியில் சிரிப்பை அடக்குகிற சத்தம். கடைசியில் குனிந்து, “இங்கயா இருக்கே!” என்றேன். வெளியே வந்து என் மடியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு போய் ஆட்டை எடுத்து வேலிக்குள் வைத்தான்.

அந்த இடத்தில், “அந்த மேய்ப்பர் யாரு, சொல்லு பார்க்கலாம்?” என்று கேட்டிருந்தால் “இயேசு” என்று சொல்லியிருப்பான். இந்த வகுப்புகளில் எந்தக் கேள்விக்கும் ‘இயேசு’ என்று சொன்னால் பாதி நேரம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். விடை சரிதான், ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. ரோமில் சோஃபியா கவல்லெட்டி என்கிற எபிரேய மொழி அறிஞரும் ஜியன்னா கோபி என்கிற மாண்டிசோரி ஆசிரியையும் 1954இல் தொடங்கிய மறைக்கல்வி முறைக்கே ‘நல்ல மேய்ப்பர்’ என்றுதான் பெயர். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் திரும்பத் திரும்ப நாடியது இந்த உருவத்தைத்தான் என்று அவர்கள் கண்டார்கள். அந்தப் பையனைப் பார்த்த எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். அதே வகுப்பில் முன்பு ஒரு அட்டவணை மாட்டியிருந்தேன். வசனம் மனப்பாடம் சொன்னால் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு பென்சில். சபையில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இரண்டு மாதத்தில், கதை சொல்ல உட்கார்ந்தாலே “இதுக்கு ஸ்டார் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நட்சத்திரம் இல்லை என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, இதை 1973லேயே லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் பள்ளியிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள் என்று. ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆசை உள்ள பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, பரிசு இல்லாமல் சும்மா பேனாவை வைத்தபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம்தான் ஆசையைத் தின்றது. அட்டவணையை நான் கழற்றியபோது பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை, பெற்றோர்தான் கேட்டார்கள்.

உங்கள் பள்ளியில் இன்னொன்றையும் காது கொடுத்துக் கேளுங்கள். “நீ தள்ளிவிட்டா இயேசு அழுவார்”, “சாமி பார்த்துக்கிட்டே இருக்கார், ஜாக்கிரதை” என்று மிரட்டுகிறார்களா? மூன்று வயதுப் பிள்ளை இதை அப்படியே எடுத்துக்கொள்ளும். கடவுள் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுத்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். அழுகிற பிள்ளையின் முன்னால் இன்னொரு பிள்ளையை நிறுத்தி “சாரி சொல்லு” என்று வற்புறுத்துவதும் மன்னிப்பைக் கற்றுத்தராது. ‘சாரி’ என்று ஒரு சொல்லை விட்டெறிந்தால் தப்பிக்கலாம் என்பதைத்தான் கற்றுத்தரும். இடிந்த கோபுரத்தை இடித்தவனும் சேர்ந்து திரும்பக் கட்டட்டும். பல நாள் கழித்து ‘மன்னிப்பு’ என்ற சொல் கதையில் வரும்போது அவன் கைக்கு அது தெரிந்திருக்கும். நேரடியான மிரட்டல் வழக்கமாக நடக்கிற பள்ளி என்றால், எவ்வளவு அழகான மணல் தொட்டி இருந்தாலும், மாற்றிவிடுங்கள்.

எது விளையாட்டு இல்லை என்பதிலும் தெளிவாக இருங்கள். நோவா பேழையின் படத்தை அச்சடித்துக் கொடுத்து, “யானைக்குச் சாம்பல் நிறம், கோட்டுக்கு வெளியே போகாதே” என்றால் அது விளையாட்டல்ல, சின்னப் பிள்ளைகளின் அலுவலக வேலை. அதே கதைக்கு ஒரு தொட்டித் தண்ணீர், கொஞ்சம் மரத்துண்டு, பிளாஸ்டிக் மூடி, கல், விலங்குப் பொம்மைகள் கொடுத்துப் பாருங்கள். எது மிதக்கும், எத்தனை விலங்கு ஏறினால் மூழ்கும், சிங்கத்தை ஆட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று காலை முழுக்க ஓடும். எங்கள் வகுப்பில் ஒருத்தி சிங்கங்களை மட்டும் தனி மூடியில் ஏற்றிக் கயிற்றால் பேழையோடு கட்டி இழுத்துக்கொண்டு போனாள். கதையில் அப்படி இல்லையே என்று நான் திருத்தவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. டீச்சர் எவ்வளவு நேரம் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்திருக்கிறார்? “இது என்ன கலர்?” என்று தனக்கு விடை தெரிந்த கேள்வியையே கேட்கிறாரா, “இதை எப்படிச் செஞ்சே?” என்று தனக்குத் தெரியாததையும் கேட்கிறாரா? பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா? தொடர்ந்து விளையாட ஒரே நீட்டாக முக்கால் மணி, ஒரு மணி நேரம் விடுகிறார்களா, அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து மூலை மாற்றுகிறார்களா? பாலம் கட்டிய பையனுக்குப் பத்து நிமிடம் போதாது. அப்புறம், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஏதாவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ‘நன்றாக இருக்கிறாள்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ‘போன மாதம் நின்று பார்த்தாள், இந்த மாதம் சமையல் மூலையில் கரண்டி எடுத்துக் கொடுத்தாள்’ என்று உங்கள் மகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால், ஃபீஸ் எதற்குப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சொல்ல முடியாமல் விழித்தால் உங்கள் கணவர் கேட்டது நியாயம்தான்.

சாயங்காலம் வந்ததும் “இன்னைக்கு என்ன படிச்சே?” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஒண்ணும் இல்லை” என்றுதான் பதில் வரும். “யாரு பக்கத்துல உட்கார்ந்தே? எது உடைஞ்சது? யாரு அழுதா?” என்று கேட்டுப் பாருங்கள். அல்லது எதுவும் கேட்காமல், பொம்மைகளை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. பொம்மைகளுக்கு அவள் டீச்சர் ஆகிவிடுவாள், டீச்சர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதும் கேட்கக் கிடைக்கும்.